பிடரியில் கால்பட ஓடுதல்: வளர்ந்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேகமாக ஓடுவதைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தலைதெறிக்க ஓடினான், விழுந்தடித்து ஓடினான், பிடரியில் கால்பட ஓடினான் என்றெல்லாம் சொல்கிறோம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பயந்து ஓடுகிறவனையோ, எதையோ தவறவிட்டுவிடுவோம் என்று பதறி ஓடுகிறவனையோ குறிப்பவை. குழந்தை ஓடும்போது மட்டும் நம் வாயில் வேறு சொல் வருகிறது. சிட்டாய்ப் பறக்கிறது என்கிறோம். அந்த இரண்டாவது வகை ஓட்டத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட ஒருவர், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் மீண்டும் அதற்குத் திரும்புவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதலில் ஒரு குழந்தையைக் கவனித்துப் பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தையைத் திறந்த வெளியில் இறக்கிவிட்டால், எங்கே போகிறோம் என்று அது கேட்பதில்லை. கையை உதறிக்கொண்டு முப்பது மீட்டர் ஓடும், சட்டென்று நிற்கும், திரும்பிப் பார்த்துச் சிரிக்கும், பிறகு குந்தி உட்கார்ந்து தரையில் ஊர்கிற எறும்பை வெகுநேரம் பார்க்கும். ஆசை மறுபடி வந்ததும் எழுந்து இன்னொரு முப்பது மீட்டர் ஓடும். தூரம் குறைவு, வேகம் முழுமை, ஓய்வு தாராளம், நிறுத்துவது தன் விருப்பப்படி. வளர்ந்தவர்கள் ஓட்டத்தைக் கையில் எடுக்கும்போது இவை அத்தனையும் தலைகீழாகிவிடுகின்றன. நீண்ட தூரம், ஒரே சீரான மிதவேகம், கையில் கடிகாரம், முடிக்க வேண்டிய கணக்கு. மெல்லோட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அது இதயத்துக்கும் மனத்துக்கும் மிக நல்லது. ஆனால் அது வேறு இன்பம், இது வேறு இன்பம்.

குழந்தை முப்பது மீட்டரில் நிற்பதற்கு உடலுக்குள் ஒரு காரணமும் இருக்கிறது. தசையில் உடனடிப் பயன்பாட்டுக்கென்று சேர்ந்திருக்கும் ஆற்றல், அதாவது ஏ.டி.பி.யும் கிரியேட்டின் பாஸ்பேட்டும், முழு வேகத்துக்குப் பத்து நொடிகள்கூடத் தாங்குவதில்லை. 2009 ஆகஸ்டில் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடிகளில் ஓடிய உசேன் போல்ட்கூட, 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் இடையில்தான் தன் உச்ச வேகத்தைத் தொட்டார். அதன் பின் அவருடைய வேகமும் சற்றுக் குறையவே செய்தது. உலகிலேயே வேகமான மனிதருக்கும் உச்சம் என்பது சில நொடிகளே. ஆகவே இந்த மகிழ்ச்சிக்குத் தாங்குதிறன் அவசியமில்லை. அந்தச் சில நொடிகளைப் பயமில்லாமல் முழுமையாகச் செலவழிக்கத் தயாரான உடம்புதான் வேண்டும்.

முதல் படி: நீங்கள் ஓடலாமா?

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்கள், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ உணர்ந்தவர்கள், மூட்டு அறுவை செய்துகொண்டவர்கள், நாற்பதைக் கடந்து பல ஆண்டுகளாக உடற்பயிற்சி இல்லாதவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். பழக்கமில்லாத உடம்புக்குத் திடீரென்று கொடுக்கும் கடும் உழைப்பு இதயத்துக்குச் சுமையாகலாம் என்பதால் இதைச் சடங்குக்காகச் சொல்லவில்லை. அரை மணி நேரம் வேகமாக நடப்பது உங்களுக்கு இன்னும் சிரமமாக இருந்தால், முதலில் அந்த நடையைப் பழகி எளிதாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இடமும் காலணியும்

குட்டையாக வெட்டப்பட்ட புல்தரைதான் சிறந்தது. செயற்கை ஓடுதளம் கிடைத்தால் அதுவும் நல்லதே. தார்ச்சாலையையும் சிமெண்ட் தரையையும் தொடக்கத்தில் தவிர்க்கவும்; கால் புதையும் மணல் கெண்டைக்கால் தசையையும், அதைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாணையும் மிகவும் இழுக்கும் என்பதால் அதுவும் வேண்டாம். ஓடுவதற்கு நாற்பது மீட்டர், வேகத்தைத் தணிப்பதற்கு அதற்கு மேல் முப்பது மீட்டர் என்று சமமான நிலம் இருந்தால் போதும். ஓடப்போகும் பாதையை ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள். குழி, கல், வேர், ஈரம் ஆகியவை நிற்கும் கண்ணுக்குத் தெரியாது, நடக்கும் காலுக்குத் தெரியும்.

அடிப்பாகம் மிகத் தடிமனாகவும் மெத்தென்றும் இல்லாத சாதாரண ஓட்டக் காலணி போதுமானது. கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். வெறுங்காலில் நடந்து பழகாதவர்கள் வெறுங்காலுடன் தொடங்க வேண்டாம். சாவி, பணப்பை, கைப்பேசி அனைத்தையும் பையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். தொடையில் கைப்பேசி மோதிக்கொண்டிருக்கும்வரை உங்கள் கவனத்தில் ஒரு பங்கு அதனிடமே இருக்கும். கடிகாரத்தையும் கழற்றி வைக்கச் சொல்வேன். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

மூன்றாம் படி: ஆறு வார ஆயத்தம்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிச் செல்ல விரும்புவார்கள். நானும் அப்படித்தான் தாண்டினேன். நாற்பத்தோராவது வயதில், உருண்டோடிய ஒரு பந்தைப் பிடிக்க எந்த ஆயத்தமும் இல்லாமல் முழு வேகத்தில் பாய்ந்தேன். ஐந்தாவது எட்டோ ஆறாவது எட்டோ வைக்கும்போது, வலது தொடையின் பின்புறத்தில் யாரோ ஒரு நரம்பைச் சுண்டி அறுத்ததைப் போல் இருந்தது. மாடிப்படி ஏற எட்டு வாரங்கள் சிரமப்பட்டேன். வலியைவிட, அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் ஓடவே அஞ்சினேன் என்பதுதான் எனக்குப் பெரிய இழப்பு. குழந்தையின் ஓட்டத்தில் இல்லாதது அந்த அச்சம் ஒன்றுதான். ஆயத்தம் செய்வது அதை நீக்குவதற்காகவே.

அன்று நடந்தது இதுதான். ஓடும்போது முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி முன்னோக்கி வீசப்படுகிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, அந்த வீச்சைப் பிடித்து நிறுத்த வேண்டியது தொடையின் பின்தசை. நீண்டுகொண்டே இழுக்க வேண்டிய கடினமான வேலை அது, வேகம் கூடக் கூட அதன் சுமையும் கூடும். ஓட்டம் எப்படி என்பது மூளைக்கு மறப்பதில்லை. இருபது ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்யாத தசைதான் தயாராக இல்லை. எனவே தசையை வலுவாக்குவதும் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதும் ஒருசேர நடக்க வேண்டும்.

வலுவூட்டும் பயிற்சிகள் மூன்று போதும், வாரத்தில் இரண்டு நாள் செய்யலாம். முதலாவது, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்துவது. பத்துப் பத்தாக இருமுறை செய்து, எளிதான பிறகு ஒற்றைக் காலில் செய்யுங்கள். இரண்டாவது, படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது. இது கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் உரியது. மூன்றாவதை மூன்றாம் வாரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். மெத்தென்ற விரிப்பில் முழந்தாளிட்டு, வேறொருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, முதுகை வளைக்காமல் உடம்பை முன்னோக்கி மெதுவாகச் சாய்த்துக்கொண்டே போய், தாங்க முடியாத இடத்தில் கைகளால் தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். கால்பந்து வீரர்களிடம் நடத்திய ஆய்வுகளில் இப்பயிற்சி தொடைப் பின்தசைக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருக்கிறது. ஆனால் இது கடுமையானது. முதல் நாளில் மூன்று முறைக்கு மேல் செய்தால் மறுநாள் நாற்காலியில் உட்காரவே வலிக்கும்.

ஓட்டத்தின் பக்கம் வருவோம். முதல் இரண்டு வாரங்களில் வாரத்துக்கு இரு நாள் மெல்லோட்டமும், துள்ளல் நடையும், அரைப்பங்கு வேகத்தில் நாற்பது மீட்டர் ஓட்டம் ஆறு முறையும் போதும். துள்ளல் நடை என்று நான் சொல்வது, ஒவ்வோர் எட்டிலும் அதே காலில் ஒரு சிறு குதி குதித்து அடுத்த காலுக்கு மாறும் அந்தக் குழந்தை நடையைத்தான். பிறர் பார்ப்பார்களே என்று பலர் இதற்குக் கூசுகிறார்கள். தயவுசெய்து கூசாதீர்கள். பாதத்தின் முன்பகுதியால் தரையை உந்தி எழும் பழக்கம் உடம்புக்குத் திரும்புவது இதில்தான், மனத்துக்குச் சிறுவயது முதலில் எட்டிப் பார்ப்பதும் இதில்தான்.

மூன்றாம், நான்காம் வாரங்களில் மிதமான ஏற்றம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதில் கீழிருந்து மேலாக இருபது முதல் முப்பது மீட்டர், நான்கு முதல் ஆறு முறை ஓடி, ஒவ்வொரு முறையும் நடந்தே இறங்குங்கள். ஏற்றத்தில் நீங்கள் எவ்வளவு முயன்றாலும் உச்ச வேகம் வராது. நிலம் உயர்ந்து வந்து பாதத்தைச் சீக்கிரம் சந்தித்துவிடுவதால் கால் அதிகம் வீசப்படுவதுமில்லை, பின்தசை அபாயமான அளவுக்கு நீளுவதுமில்லை. காயத்தின் வாய்ப்பு மிகக் குறைந்த நிலையில் முழு முயற்சி என்றால் என்ன என்பதை உடம்பு மீண்டும் உணர்கிறது. இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே. ஐந்தாம் வாரத்தில் சமதரைக்கு வந்து முக்கால் பங்கு வேகம், ஆறாம் வாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வேகம். எந்த வாரத்திலாவது தசையில் உறுத்தல் தெரிந்தால் ஒரு வாரம் பின்னோக்கிச் செல்லுங்கள், அவசரமே இல்லை.

நான்காம் படி: அன்றைய நாளில் உடலைச் சூடாக்குதல்

குழந்தைக்கு இது தேவையில்லை, நமக்குத் தேவை. ஐந்து நிமிடம் மெல்லோட்டம், பிறகு கால்களை முன்னும் பின்னும் வீசுதல், முழங்காலை உயர்த்தி நடத்தல், துள்ளல் நடை, கடைசியாகப் பாதி வேகத்தில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று வேகமாக மூன்று ஓட்டங்கள் என்று மொத்தம் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சூடான தசை வேகமாகச் சுருங்கும். ஒரே நிலையில் நிமிடக்கணக்கில் தசையை இழுத்து நிற்கும் பயிற்சி ஓட்டத்துக்கு முன் வேண்டாம், அது தசையின் விசையைச் சற்று மந்தமாக்கும். நெற்றியில் இலேசாக வியர்வை அரும்பி, நின்றுகொண்டிருப்பது பிடிக்காமல் போகும்போது நீங்கள் தயார்.

ஐந்தாம் படி: அந்த ஓட்டம்

ஒரு காலை முன்வைத்து நின்று, உடம்பை முன்னோக்கிச் சாய விடுங்கள். இனி விழுந்துவிடுவோம் என்ற கணத்தில் பின்காலை எடுத்து வைத்தால் ஓட்டம் தானாகத் தொடங்கிவிடும். முதல் பத்து எட்டுகளில் பார்வை சில மீட்டர் தள்ளித் தரையில் இருக்கட்டும். தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறோம் என்ற எண்ணம் மட்டும் போதும். அவசரப்பட்டு நிமிர வேண்டாம். வேகம் கூடும்போது உடம்பு தானே நிமிரும்.

இருபது மீட்டருக்குப் பிறகு கால்கள் வேறு விதமாக இயங்கத் தொடங்கும். குதிகால் பின்புறம் மடங்கிப் பிட்டத்தை நெருங்கும். பிடரியில் கால்பட என்று சொன்ன முன்னோர் மிகைப்படுத்தினாலும், சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். மடங்கிய கால் நீட்டிய காலைவிடக் குட்டையானதால் விரைவாக முன்னே வந்துவிடுகிறது. இதை நீங்களாகச் செய்ய முயல வேண்டாம், வேகம் வந்தால் அதுவும் வரும். கவனிக்க வேண்டியது பாதம் இறங்கும் இடம். எட்டி வைத்தால் வேகம் கூடும் என்று தோன்றும். உண்மையில் உடலுக்கு வெகு முன்னால் ஊன்றும் ஒவ்வோர் எட்டும் ஒரு பிரேக், பின்தசைக்கு ஓர் இழுப்பு. இடுப்புக்குக் கீழே, முன்பாதம் முதலில் தொடுமாறு ஊன்றுங்கள்.

கால்களை இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டும் என்பது இயல்பாகத் தோன்றும் இன்னொரு தவறான எண்ணம். பீட்டர் வெயண்டும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வேகமாக ஓடுகிறவரும் மெதுவாக ஓடுகிறவரும் தத்தம் உச்ச வேகத்தில் காலைக் காற்றில் முன்னே கொண்டுவர எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பெரிய வேறுபாடில்லை என்று காட்டியது. பாதம் தரையில் இருக்கும் மிகக் குறுகிய நேரத்தில் அதை எவ்வளவு விசையுடன் அழுத்துகிறோம் என்பதில்தான் வேறுபாடு. கைதேர்ந்த ஓட்டக்காரரின் பாதம் தரையில் நிற்பது ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே தரையை மிதிக்காதீர்கள், தட்டி எழும்புங்கள். துள்ளல் நடையில் பழகியது இங்கே கைகொடுக்கும்.

முழங்கைகளை மடக்கி, தோளிலிருந்து வீசுங்கள். கை இடுப்பருகிலிருந்து கன்னத்தின் உயரம்வரை போய் வரட்டும். விரல்களை முஷ்டியாக இறுக்க வேண்டாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு காய்ந்த இலையை நொறுங்காமல் பிடித்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தாடை தொங்கட்டும், கன்னங்கள் குலுங்கட்டும். அமெரிக்கப் பயிற்சியாளர் பட் விண்டர் தம் மாணவர்களுக்கு ஓயாமல் சொன்னது தாடையையும் கைகளையும் தளர்த்த வேண்டும் என்பதைத்தான். 1968 மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக்கில் 200 மீட்டரை வென்ற டாமி ஸ்மித்தும், 400 மீட்டரை வென்ற லீ எவன்ஸும் அவரிடம் பயின்றவர்கள். முகத்தை இறுக்கினால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் தோள் உயரும், தோள் உயர்ந்தால் கைவீச்சு குறுகும். ஓடும் குழந்தையின் முகத்தில் எந்த இறுக்கமும் இருப்பதில்லை என்பதை அடுத்தமுறை பாருங்கள்.

மேலே சொன்ன அனைத்தையும் ஆயத்த வாரங்களிலேயே பழகிவிட்டு, முழு வேக நாளில் மறந்துவிடுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஓடுங்கள். எனக்கு அது தாடை. முப்பதாவது மீட்டரில் காதுக்குள் காற்று இரைகிறது. கண்ணோரத்தில் நீர் கசிகிறது. பாதங்களின் ஓசை தனித்தனியாகக் கேட்பது நின்று ஒரே தொடர்ச்சியாகிறது, பக்கத்தில் இருந்த மரங்கள் பச்சைக் கோடாக நழுவுகின்றன. நிறைவேறாத வேலை, சொல்ல வேண்டிய பதில், நாளைய கவலை எதற்கும் அந்த நான்கு நொடிகளில் இடம் இருப்பதில்லை. முதல்முறை எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது, அடக்கத் தோன்றவில்லை. உங்களுக்குச் சத்தம் போடத் தோன்றினால் போடுங்கள்.

சட்டென்று மட்டும் நிற்காதீர்கள். குழந்தைக்கு எடை குறைவு, அதனால் முடிகிறது. நீங்கள் எட்டுகளைச் சிறிதாக்கிக்கொண்டே இருபது முப்பது மீட்டரில் நடைக்கு வர வேண்டும்.

ஆறாம் படி: இடைவெளி

பத்து மீட்டருக்கு ஒரு நிமிடம் ஓய்வு என்பது பயிற்சியாளர்கள் பின்பற்றும் எளிய கணக்கு. நாற்பது மீட்டர் ஓடினால் நான்கு நிமிடம். செலவான கிரியேட்டின் பாஸ்பேட் பெரும்பாலும் மீள மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் ஆகும் என்பதால் இதைக் குறைப்பதில் பொருளில்லை. குறைத்தால் அடுத்த ஓட்டம் மூச்சுத் திணறலாக மாறிவிடும். குழந்தைகள் நம்மைவிட விரைவில் மீண்டுவிடுவார்கள், அவர்களோடு போட்டி போட வேண்டாம். அந்த நான்கு நிமிடங்களில் மெதுவாக நடந்து திரும்புங்கள், புல்லில் நின்று வானத்தைப் பாருங்கள்.

முதல் நாளில் மூன்று ஓட்டங்கள் போதும், பின்னர் ஐந்தாறு வரை உயர்த்தலாம். முந்தையதைவிடக் கால் கனமாகத் தெரியும் ஓட்டமே அன்றைய கடைசி ஓட்டம். அதற்கு ஒன்று முன்பே நிறுத்தத் தெரிந்துகொண்டால் இன்னும் நல்லது, ஏனெனில் அடுத்த முறை உங்களை மைதானத்துக்கு அழைத்து வருவது மிச்சம் வைத்த அந்த ஆசைதான். வாரத்துக்கு ஒரு நாள் போதுமானது. இரண்டு நாள் என்றால் நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வேண்டும்.

ஏழாம் படி: விளையாட்டைச் சேர்த்துக்கொள்வது

சில வாரங்கள் கழித்து, வெறும் நாற்பது மீட்டர் என்பதற்குப் பதிலாக எதையாவது துரத்துங்கள். பந்தை நேராக உருட்டிவிட்டு அது நிற்பதற்குள் பிடிக்கலாம். மாலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, முன்னால் நீண்டு ஓடும் சொந்த நிழலை விரட்டலாம். குழந்தை ஒன்று உடன் இருந்தால், தொடங்குவதற்கு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் உரிமையை அதனிடமே கொடுத்துவிடுங்கள். இரண்டிலேயே அது ஓடிவிடும், துரத்துவதற்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஓடிப் பிடிக்கும் விளையாட்டில் திடீர்த் திருப்பங்கள் உண்டு என்பதால், முதல் சில மாதங்கள் நேர்கோட்டு ஓட்டத்தோடு நின்றுகொள்வது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் பாதுகாப்பு.

கடிகாரத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஒரு மாதம் நானும் நேரம் குறித்துப் பார்த்தேன். நன்றாக ஓடினோம் என்று உடம்பு சொன்ன நாளில் எண் கூடுதலாகக் காட்டினால், திரும்பி வரும் வழியெல்லாம் மனம் வாடியது. எண்ணை நம்பி உடம்பை நம்பாமல் போனதை உணர்ந்ததும் அதை நிறுத்திவிட்டேன். போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு நேரம் அவசியம்; இந்த வழிகாட்டி தேடும் மகிழ்ச்சிக்கு அவசியமில்லை.

எட்டாம் படி: வலியைப் புரிந்துகொள்வது

ஓடிய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ இரு கால்களிலும் மந்தமான, பரவலான வலி இருந்தால் அது பழகாத தசையின் இயல்பான வலி, இரண்டு மூன்று நாளில் அடங்கும். ஒரே காலில், ஒரே இடத்தில், கூர்மையாகத் தோன்றும் வலி வேறு. ஓடும்போதே பின்தொடையில் சுண்டியதுபோல் இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். இழுத்துப் பார்க்காதீர்கள், தேய்க்காதீர்கள். இரத்தம் கட்டினாலோ நொண்டி நடந்தாலோ மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் குதிகால் நாண் விறைத்திருந்தால் இரண்டு வாரம் முழு வேகத்தை நிறுத்தி, படிக்கட்டுப் பயிற்சியை மட்டும் தொடருங்கள். நெஞ்சு வலி, மயக்கம், அசாதாரணப் படபடப்பு ஆகியவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது, உடனே உதவி கோருங்கள்.

வயதைப் பற்றிய தயக்கம் இன்னும் மிச்சமிருந்தால் ஒருவரைச் சொல்கிறேன். ஜப்பானைச் சேர்ந்த ஹிடெகிச்சி மியாசாகி தொண்ணூறு வயதைக் கடந்த பிறகே ஓட்டத்துக்கு வந்தவர். 2015 செப்டம்பரில், தமது 105-ஆவது வயதில், கியோட்டோவில் 100 மீட்டரை 42.22 நொடிகளில் ஓடி முடித்தார். மணிக்கு எட்டரைக் கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் அது இளைஞர் ஒருவரின் மெல்லோட்டம்; அவருக்கோ அதுதான் முழு வேகம். ஓடி முடித்த பிறகு அவர் போல்ட்டைப் போலவே ஒரு கையை மடக்கி, மறு கையை வானத்தை நோக்கி நீட்டி நின்றார்.